பகிர்ந்து பயன்படுத்தும் யூனிக்ஸ் கணினியில் மின்னஞ்சல்: தோட்டத்து ஊர்க் கணினி அறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் நடத்தும் கணினி அறையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணினிதான், யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த லினக்ஸில் ஓடுவது. பழைய மடிக்கணினிகள் அதற்குள்தான் நுழைகின்றன. இடைநிலைப் பள்ளியில் படிவம் 5 முடித்த பிள்ளைகள் வேலை மனு அனுப்புகிறார்கள். கோயில் செயலாளர் கூட்ட அறிவிப்பு அனுப்புகிறார். காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு மதியத்துக்கு மேல் வரும் அண்ணன்மார் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு எழுதுகிறார்கள்.

இப்படிப் பலர் புழங்கும் கணினியில் அஞ்சலை அமைக்க வருகிறவர்கள் கட்டளை தெரியாமல் தடுமாறுவது குறைவு. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்ப்பார்கள். போகவில்லை என்றால் கோளாறு கணினியிலா, இணைப்பிலா, எதிர்ப்பக்கத்திலா என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. முதலில் கணினிக்குள்ளேயே ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப முடியவேண்டும். வெளியே அனுப்புவது அதற்குப் பிறகு, வெளியிலிருந்து வாங்குவது கடைசி. கீழே இருப்பதும் அதே வரிசைதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் பயனர் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எங்கள் வகுப்பில் நோட்டில் எழுதிக்கொள்வது போலவே. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டெபியன் 12 (லினக்ஸ் வகைகளில் ஒன்று) நிறுவிய ஒரு கணினி, அதில் சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, உள்ள இரண்டு பேர். ஒருவர் மட்டும் போதாது. அவர் ஊரில் இல்லாத நாளில்தான் வட்டு நிரம்பும்.

ஒரு யுபிஎஸ். நம் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மின்னலுக்குக் குறைவில்லை. அஞ்சல் எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நிற்கும்.

சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது), அதற்கு அஞ்சல் சேவை தரும் ஒரு நிறுவனத்தில் கணக்கு. நம் கணினியே நேரடியாக உலகத்தோடு அஞ்சல் பேசட்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். வீட்டுக்கும் கடைக்கும் வரும் இணைப்பில் அது சரிப்படாது. இணையத்தில் நம்மைக் காட்டும் எண்ணான ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அஞ்சல் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவைத்திருக்கும். திறந்திருந்தாலும், வீட்டு ஐபியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சர்வர்கள் நம்புவதில்லை. அதனால் அனுப்புவதும் வாங்குவதும் அந்தச் சேவை வழியாகத்தான்.

சேவைக்குப் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ஒரே நுழைவுப் பெயரை வைத்து டொமைனில் உள்ள எல்லா முகவரியின் பெயரிலும் அனுப்பலாமா? சிலர் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கு இது முக்கியம்.

கடைசியாகக் கடிகாரம். டைம்டேட்சிடிஎல் என்று தட்டி, நேர மண்டலம் ஆசியா/கோலாலம்பூர் என்றும் நேரம் சரி என்றும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சோதனை தோற்கும். அப்போது வரும் பிழைச்செய்தியைப் பார்த்துக் கடிகாரத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

2. பயனர் கணக்குகள்

மைகார்ட் என்ற அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயரை அப்படியே பயனர் பெயராகப் போடப் பார்ப்பது இங்கே அடிக்கடி நடக்கும். நம் பெயர்களின் நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) இருக்கிறது. யூனிக்ஸில் சாய்கோடு என்பது கோப்புறைகளைப் பிரிக்கும் குறி, அதைப் பெயருக்குள் வைக்க முடியாது. அடையாள அட்டை எண்ணையும் பயனர் பெயராக்காதீர்கள். பயனர் பெயர் எல்லார் கண்ணிலும் படும், ஒவ்வொரு அஞ்சலிலும் வெளியே போகும்.

சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாக வையுங்கள்: வள்ளி, குமார். இரண்டு குமார் இருந்தால் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்யூசர் கட்டளை முழுப்பெயர் கேட்கும். ஏ/எல், ஏ/பி எல்லாம் அங்கே தாராளமாகப் போகலாம். மட் என்ற அஞ்சல் நிரல் அனுப்புநர் பெயரை அங்கிருந்துதான் எடுக்கிறது. அதைக் காலியாக விட்டால் வேலை மனு வெறும் பயனர் பெயரோடு போய் நிற்கும்.

பிறகு ஒவ்வொருவரின் சொந்த இடமான ஹோம் கோப்புறைக்கும் சிஹெச்மோட் 700 போடுங்கள், உரியவர் மட்டும் உள்ளே போகும்படி. இதை அஞ்சல் வரும் முன்பே செய்யவேண்டும். கடிதங்கள் ஹோம் கோப்புறைக்குள்தான் வந்து சேரப்போகின்றன. கோப்புறை திறந்து கிடந்தால் பக்கத்து மேசைக்காரர் அதை எட்டிப் பார்க்கலாம்.

புதியவர் முதல்முறை நுழையும்போது அருகில் இருங்கள். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்து எழுந்து போனவர்கள் உண்டு. ‘தெரியாதுதான், தட்டி முடித்து என்டர் அழுத்துங்க அண்ணே’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

3. போஸ்ட்ஃபிக்ஸ்: முதலில் உள்ளூர் மட்டும்

நிரல்களை நிறுவும் ஆப்ட் கட்டளை மூலம், அஞ்சலைக் கொண்டுசேர்க்கும் போஸ்ட்ஃபிக்ஸையும் மெயில் கட்டளையைத் தரும் மெயில்யுடில்ஸையும் நிறுவுங்கள். நிறுவும்போது எந்த வகை அமைப்பு என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலோர் ‘இன்டர்நெட் சைட்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இப்போதைக்கு ‘லோக்கல் ஒன்லி’ போதும். வெளி உலகம் இல்லாதபோது பிழை வந்தால், அது நிச்சயமாக நம் கணினியின் பிழை.

அடுத்து வரும் கேள்வி கணினியின் அஞ்சல் பெயர். எங்களுடையது செம்பனை.லேன். நீங்கள் வாங்கிய டொமைன் பெயரை இங்கே போடாதீர்கள். போட்டால் அந்த டொமைனின் எல்லா முகவரியும் தன்னிடமே இருப்பதாகப் போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். வெளிச்சேவையில் மட்டும் பெட்டி வைத்திருக்கும் தலைவருக்கு எழுதினால், ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று உங்கள் கணினியே திருப்பி அனுப்பிவிடும்.

இனி அஞ்சலை எந்த வடிவில் சேமிப்பது என்பது. எம்பாக்ஸ் வடிவில் ஒருவருடைய எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். எழுதும்போது மின்சாரம் போனால் பாதிப்பு எல்லாக் கடிதமும் உள்ள அந்த ஒரே கோப்புக்கு. மெயில்டிர் வடிவில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. எங்கள் ஊர் மின்னலுக்கு இதுதான் ஏற்றது.

அதற்கு: சூடோ போஸ்ட்கான்ஃப் -ஈ 'ஹோம்_மெயில்பாக்ஸ் = மெயில்டிர்/'. இதில் மெயில்டிர் என்பதன் முதல் எழுத்து பெரிய எம். கடைசியில் உள்ள சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் கோப்புறை வடிவம், இல்லாவிட்டால் மெயில்டிர் என்ற பெயரிலேயே ஓர் எம்பாக்ஸ் கோப்பு உருவாகிவிடும்.

மெயில்பாக்ஸ்_கமாண்ட் என்ற அமைப்பில் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை, நீங்கள் போட்ட ஹோம்_மெயில்பாக்ஸ் மதிக்கப்படாது. பழைய கணினியில் புரொக்மெயில் என்ற அஞ்சல் பிரிக்கும் நிரலை நிறுவியிருந்தால் இப்படி இருக்கும்.

4. கணினிக்குள் சோதனை

குமார் கணக்கில் நுழைந்து மெயில் -எஸ் சோதனை வள்ளி என்று தட்டுங்கள். மெயில்யுடில்ஸ் முதலில் நகல் யாருக்கு என்று கேட்கும். பலர் அந்த வரியிலேயே கடிதத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள், எழுதிய சொல் எல்லாம் முகவரியாகப் போய்விடும். நகல் வேண்டாமென்றால் வெறும் என்டர். அப்புறம் கடிதம். முடிந்ததும் புதிய வரிக்குப் போய் கன்ட்ரோல்-டி.

இப்போது வள்ளியின் ஹோம் கோப்புறையில் மெயில்டிர் பிறந்திருக்க வேண்டும். அதனுள் நியூ, கர், டெம்ப் என்று மூன்று கோப்புறைகள், நியூவுக்குள் ஒரு கோப்பு. முதல் கடிதம் வரும்போதுதான் மெயில்டிர் உருவாகும். அதற்கு முன் வள்ளி மட்டைத் திறந்தால், பெட்டியே இல்லை என்று பிழை வரும். அதனால் கணக்கு திறந்த உடனே நாங்கள் ஒரு வரவேற்புக் கடிதம் அனுப்பிவிடுகிறோம்.

படிப்பதற்கு வெறும் மெயில் என்று தட்டாதீர்கள். அது பழைய இடத்தில் தேடிவிட்டு, அஞ்சல் இல்லை என்று சொல்லும். கடிதம் தொலைந்துவிட்டதோ என்று வீணாகக் கலவரம் வரும்.

5. மாற்றுப் பெயர்கள்

ஈடிசி கோப்புறையில் உள்ள அலையசஸ் கோப்பில் முதலில் ரூட் என்பதற்கு எதிரே உண்மையான ஒருவரின் பயனர் பெயரை எழுதுங்கள். கணினி தன் எச்சரிக்கைகளை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குத்தான் அனுப்பும். யாரும் படிக்காத பெட்டியில் அது சேர்ந்து பயனில்லை.

பொறுப்புக்கும் ஒரு பெயர் வையுங்கள். கோயில் செயலாளர் மாறுவார், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் மாறுவார். செயலாளர் என்ற மாற்றுப் பெயரை இன்று வள்ளிக்கும் அடுத்த ஆண்டு வேறொருவருக்கும் திருப்பிவிடலாம்.

கோப்பை மாற்றிய ஒவ்வொரு முறையும் நியூஅலையசஸ் என்று தட்டவேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது அந்தக் கட்டளை உருவாக்கும் அட்டவணையைத்தான்.

6. மட், தமிழ்

மட் நிறுவி, எல்லாருக்கும் பொதுவான அதன் அமைப்புக் கோப்பில் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: பெட்டி வகை மெயில்டிர், வரும் பெட்டி இருக்கும் இடம், அனுப்பியதன் நகல் சேரும் இடம், எழுதும் நிரல் நேனோ. கடைசியை விட்டால் சில கணினிகளில் விஐ திறக்கும். புதியவருக்கு அதிலிருந்து வெளியே வரவே தெரியாது.

எம் அழுத்தினால் புதுக் கடிதம், ஆர் பதில், ஜி எல்லாருக்கும் பதில். குழுவுக்கு வந்த கடிதத்துக்கு ஜி போட்டு வீட்டுக் கதையை எழுதிவிடாதீர்கள்.

எல்லாரும் தடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நேனோவில் கன்ட்ரோல்-ஓ போட்டுச் சேமித்து, கன்ட்ரோல்-எக்ஸ் போட்டு வெளியே வந்ததும் கடிதம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போகவில்லை. வருவது சரிபார்க்கும் திரை. பெறுநர், தலைப்பு, இணைப்பு (கூடச் சேர்த்து அனுப்பும் கோப்பு) மூன்றையும் பார்த்துவிட்டு ஒய் அழுத்தினால்தான் அனுப்பப்படும். இணைப்பு வேண்டுமென்றால் இதே திரையில் ஏ.

தமிழுக்குத் தனியாக எதையும் சர்வரில், அதாவது எல்லாரும் நுழையும் அந்த ஒரே கணினியில், நிறுவ வேண்டாம். தட்டச்சு உங்கள் முன்னால் இருக்கும் மடிக்கணினியில்தான் நடக்கிறது. ஒலிப்படி தட்டும் ‘அஞ்சல்’ விசைமுறையோ தமிழ் 99ஓ, பழகியது எதுவானாலும் சரி. சர்வரின் லோகேல், அதாவது மொழி அமைப்பு, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும், லோகேல் என்று தட்டிப் பாருங்கள். அது சி அல்லது போசிக்ஸ் என்று காட்டினால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

லோகேல் சரியாக இருந்தும் சில டெர்மினல்களில் (கட்டளை தட்டும் சாளரங்களில்) ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே விலகித் தெரியும். அது டெர்மினல் வரைந்து காட்டும் முறையில் உள்ள குறை, கடிதத்தில் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது. திருத்தப் போய் நல்ல சொல்லைக் கெடுத்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் உங்கள் கைப்பேசிக்கு ஒன்று அனுப்பி அங்கே பாருங்கள்.

7. வெளியே அனுப்புதல்

உள்ளே எல்லாம் ஓடிய பிறகுதான் இது. டிபிகேஜி-ரீகான்ஃபிகர் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, வகையை ‘இன்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஸ்மார்ட்ஹோஸ்ட் என்பது நம் கடிதத்தை வாங்கி வெளியே சேர்க்கும் சர்வர். அந்த இடத்தில் சேவை நிறுவனத்தின் எஸ்எம்டிபி (அஞ்சல் அனுப்பும்) சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, வெளியே :587 சேருங்கள். சதுர அடைப்பு இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கே நேராகப் போகும். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு அஞ்சல் வாங்கும் வேறு சர்வரைத் தேடி அலையும்.

மாற்றிய பிறகு ஐநெட்_இன்டர்ஃபேசஸ் அமைப்பை லூப்பேக்-ஒன்லி (இந்தக் கணினிக்குள் மட்டும்) ஆக்குங்கள். வெளியிலிருந்து யாரும் நேராக நம் போஸ்ட்ஃபிக்ஸைத் தட்டவேண்டிய தேவை இல்லை. இந்த ஓர் அமைப்பை மாற்றினால் ரீலோட் போதாது, ரீஸ்டார்ட் செய்யவேண்டும்.

அடுத்து கடவுச்சொல் கோப்பு. ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ் கோப்புறையில் சாஸ்ல்_பாஸ்வ்ட் என்று ஒரு கோப்பு. ஒரே வரியில் சர்வர் பெயர், ஓர் இடைவெளி, நுழைவுப் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல். சர்வர் பெயரை ஸ்மார்ட்ஹோஸ்டில் எழுதியது போலவே, அடைப்பும் 587உம் சேர்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல்லே இல்லாமல் போய்க் கதவைத் தட்டும். பிறகு இந்தக் கோப்பை அட்டவணையாக்கும் போஸ்ட்மேப் கட்டளையைப் போடுங்கள். அது உருவாக்கும் டிபி கோப்புக்கும் மூலக் கோப்புக்கும் சிஹெச்மோட் 600. பலர் மூலத்தை மட்டும் பூட்டுகிறார்கள். டிபி கோப்பிலும் அதே கடவுச்சொல்தான் இருக்கிறது.

எஸ்எம்டிபி_சாஸ்ல்_ஆத்_எனேபிள் என்பதற்கு ‘யெஸ்’. கடவுச்சொல் அட்டவணையின் இடத்தைச் சொல்லுங்கள். எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் என்பதற்கு என்கிரிப்ட், கடவுச்சொல் வெறுமையாக வெளியே போகக் கூடாது. எஸ்எம்டிபி_சாஸ்ல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் என்பதற்கு நோஅனானிமஸ் என்று மட்டும் வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும், பொருத்தமான சரிபார்ப்பு முறை இல்லை என்ற பிழை கணினியின் பதிவில் (பார்க்கும் முறை 9இல்) வந்தால், லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று பொருள். அரை நாள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சோர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடவுச்சொல் முதலிலிருந்தே சரிதான்.

இன்னும் ஒன்று பாக்கி. வள்ளி@செம்பனை.லேன் என்ற முகவரி உலகத்துக்குத் தெரியாது. எஸ்எம்டிபி_ஜெனரிக்_மேப்ஸ் அமைத்து, @செம்பனை.லேன் என்பதை @உங்கள் டொமைன் என்று மாற்றச் சொல்லுங்கள். வெளியே போகும்போது மட்டும் முகவரி மாறும். உள்ளே வள்ளி என்று மட்டும் எழுதினால் கடிதம் உள்ளேயே நிற்கும், இணைப்பு அறுந்த நாளிலும் போய்ச் சேரும்.

டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில், அஞ்சல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் வரிகளை, சேவை நிறுவனம் தந்தபடியே, சேர்க்க மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களிடம் இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று கூகுள் கேட்கிறது.

தனி ஒருவரின் ஜிமெயிலை எல்லாருக்கும் ஸ்மார்ட்ஹோஸ்டாக வைப்பது வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுத்தால் வேலை செய்யும்தான். ஆனால் யார் எழுதினாலும் அனுப்புநர் இடத்தில் அந்த ஒருவரின் முகவரிதான் போகும். பிள்ளையின் வேலை மனுவுக்குப் பதில் வேறொருவர் பெட்டிக்கு வந்து சேரும்.

அளவையும் இப்போதே சரிசெய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஏற்பது 10240000 பைட் வரை. கடிதத்தோடு சேர்க்கும் கோப்புகள் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும், ஆக 7 எம்பிக்கு மேலான கோப்பு நின்றுவிடும். கைப்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படங்கள் மூன்று நான்கு சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். மெசேஜ்_சைஸ்_லிமிட்டை 26214400 ஆக்குங்கள். படங்களைச் சுருக்கி அனுப்பவும் பழக்குங்கள்.

8. வெளியிலிருந்து வாங்குதல்

ஒவ்வொரு பயனரும் தன் சேவைப் பெட்டியிலிருந்து ஃபெட்ச்மெயில் என்ற நிரல் மூலம் கடிதங்களை எடுத்துவரலாம். ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ஃபெட்ச்மெயில்ஆர்சி என்ற கோப்பு. அதில் சர்வர் பெயர், ஐமேப் (பெட்டியைப் படிக்கும் முறை), நுழைவுப் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எல் (மறையாக்கம்), இங்கே யாருக்குச் சேரவேண்டும் என்பது. இதற்கும் சிஹெச்மோட் 600. மற்றவர்கள் படிக்கும்படி இருந்தால் ஃபெட்ச்மெயில் ஓடவே மறுக்கும். மறுப்பது நல்லதுதான்.

கீப் என்ற சொல்லைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டால், எடுத்த கடிதத்தை ஃபெட்ச்மெயில் சேவைப் பெட்டியிலிருந்து அழித்துவிடும். முதல் சோதனையிலேயே படிக்காத கடிதங்கள் இடம்பெயர்ந்து, கைப்பேசியில் அவற்றைக் காணாமல் ஆட்கள் பதறுவது இதனால்தான்.

ஐமேப்பில் ஃபெட்ச்மெயில் படிக்காத கடிதங்களை மட்டும் எடுக்கும். பேருந்தில் வரும்போது கைப்பேசியில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டால், அது இங்கே வராது. கைப்பேசியிலும் படிக்கிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லாம் வேண்டுமென்றால் ஃபெட்ச்ஆல் இருக்கிறது. ஆனால் கீப்போடு சேர்த்தால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கடிதமும் திரும்பத் திரும்ப வந்து குவியும்.

முதலில் கையால் ஒருமுறை ஓட்டி, கடிதம் மட்டில் வந்ததைப் பார்த்த பிறகே, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்று போடுங்கள்.

புள்ளி ஃபார்வர்ட் கோப்பில் வேறு முகவரி எழுதிக் கடிதத்தை அங்கே திருப்பிவிடவும் முடியும். ஃபெட்ச்மெயில் எடுக்கும் அதே பெட்டிக்குத் திருப்பிவிடாதீர்கள், கடிதம் சுற்றலில் மாட்டிக்கொள்ளும்.

9. போகவில்லை என்றால்

மெயில்க்யூ தட்டுங்கள். காத்திருக்கும் கடிதங்களும் ஒவ்வொன்றின் காரணமும் தெரியும். இணைப்பு இல்லாததால் நிற்கிறது என்றால் மறுபடி எழுதி அனுப்பாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை தானே முயன்றுகொண்டிருக்கும். அதே கடிதத்தை மூன்று முறை அனுப்பியவருக்கு, இணைப்பு வந்ததும் மூன்றும் போய்ச் சேரும். இணைப்பு திரும்பியதும் போஸ்ட்க்யூ -எஃப் போட்டால் வரிசை உடனே நகரும்.

பதிவைப் பார்க்க ஜர்னல்சிடிஎல். டெபியன் 12இல் பழைய மெயில்.லாக் கோப்பு இயல்பாக இருக்காது. எதிர்ப்பக்கம் தந்த எண்ணைத் தேடுங்கள். 2இல் தொடங்கினால் ஏற்றுக்கொண்டது. 4 என்றால் தற்காலிகம், பொறுக்கலாம். 5 என்றால் மறுப்பு, காரணத்தைப் படித்துத் திருத்தாமல் மறுபடி அனுப்புவதில் பலனில்லை.

2இல் தொடங்கியும் பெறுநர் ‘கடிதம் வரவில்லை’ என்று சொன்னால் அவருடைய ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணினியின் வேலை அங்கே முடிந்துவிட்டது.

10. பலர் இருக்கும் இடத்துப் பழக்கங்கள்

கட்டளை வரியிலேயே கடவுச்சொல்லை எழுதாதீர்கள். அது ஓடும் நேரத்தில் பிஎஸ் ஏயுஎக்ஸ் என்று தட்டும் எவருக்கும் முழு வரியும் தெரியும். தட்டிய கட்டளைகளைச் சேமிக்கும் பாஷ் வரலாற்றுக் கோப்பிலும் தங்கிவிடும்.

எழுந்து போகும் முன் எக்ஸிட். மடிக்கணினியை மூடினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். அடுத்தவர் திறந்ததும் உங்கள் பெட்டி அவர் முன்னால் இருக்கும்.

சூடோ உரிமை உள்ளவர் நினைத்தால் எல்லார் கடிதத்தையும் படிக்க முடியும். இதைக் கணக்கு திறக்கும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறோம். வங்கி விவரம் போன்றவற்றை இந்தப் பெட்டியில் வைக்க விருப்பமில்லாதவர் அப்போதே வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

11. ஒருவர் விலகும்போது

பிள்ளைகள் மேற்படிப்புக்கு ஊரைவிட்டுப் போவார்கள். பாஸ்வ்ட் -எல் போட்டுக் கணக்கைப் பூட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் நுழையலாம். யூசர்மோட் -ஈ 1 போட்டால் கணக்கே காலாவதியாகும்.

அதற்கு முன் அவருடைய மெயில்டிர் முழுவதையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி, அவரது பென் டிரைவில் கொடுங்கள். கிரான்டாபிலிருந்து ஃபெட்ச்மெயில் வரியை நீக்குங்கள், ஃபெட்ச்மெயில்ஆர்சி கோப்பையும் அழியுங்கள். சேவைப் பெட்டியின் கடவுச்சொல் அதில்தான் இருக்கிறது. அவர் பெயரை அலையசஸ் கோப்பில் தேடி, செயலாளர் போன்ற பொறுப்புப் பெயர் ஏதாவது அவரிடம் இருந்தால் அடுத்தவருக்கு மாற்றி, நியூஅலையசஸ் போடுங்கள்.